அருந்ததி தெரியுதா?

வண்டி சிறுமலையின் கடைசி வளைவைத் தாண்டியதும் தமயந்தி எழுந்து நின்றாள். தகரப்பெட்டியைத் திறந்து இடுப்பில் வைத்துக்கொண்டு, தினமும் சொல்வதைத் தினமும் சொல்கிற குரலிலேயே சொன்னாள்.

"பைனாகுலர், தொலைநோக்கி, ஜூம் வச்ச கேமரா, எது இருந்தாலும் இதுல போட்டுருங்க. இறங்குறப்ப பத்திரமாத் திருப்பித் தந்துருவேன். சாளரம் திறக்குறப்ப வர்ற கதிரு ரொம்பப் பொல்லாதது. வெறுங்கண்ணால பாத்தா ஒன்னும் ஆகாது. பெருசாக்கிப் பாத்தீங்க, ஆயுசுக்கும் இருட்டுதான்."

கண் என்று வந்துவிட்டால் யாரும் வாதாடுவதில்லை. அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு காங்கேயத்திலிருந்து வந்திருந்த ஈஸ்வரமூர்த்தி, கழுத்தில் தொங்கிய பைனாகுலரைக் கழற்றி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோலப் பெட்டிக்குள் வைத்தார். மற்றவர்கள் எல்லாம் புதுமணத் தம்பதிகள். வைகாசி மாதம் அல்லவா, வண்டி முழுக்கப் புதுத்துணி வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும்தான். கடைசி இருக்கையில் தமயந்தியின் மகள் நறுமுகையும் மாப்பிள்ளை கஸ்பாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கிட்ட ஒன்னும் இல்ல அத்த, வெறுங்கையிதான்" என்று கஸ்பார் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிச் சிரித்தான். தமயந்தியும் சிரித்தாள்.

இந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்துப்போயிருந்ததுதான் தொல்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் தண்ணீருக்கு அடியில் மூழ்கிப் பற்றவைப்பு வேலை செய்கிறவன். ஒப்புக்குக்கூடப் பொய் சொல்ல வராத ஆள். பெண் பார்க்க வந்த அன்று, "கேசரி எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "சீனி கூடிட்டு அத்த" என்று சபையில் சொல்லிவிட்டான். உறவெல்லாம் முகத்தைச் சுளித்தது. தமயந்தி போய் ஒரு வாய் அள்ளிப் போட்டுப் பார்த்தாள். சீனி கூடித்தான் இருந்தது.

அவனுக்கு மேலூரில் வேலை கிடைத்திருந்தது. மேலூர் என்றால் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற மேலூர் இல்லை. பூமியைச் சுற்றிக் கட்டியிருக்கும் வானவளையத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு மிதந்தபடி வேலை செய்யத் தெரிந்தவர்களை அந்த ஊர் கொத்திக்கொண்டு போய்விடும். வானத்தை மூடியிருக்கும் குடைக்கு மேலே இருப்பதால் அங்கே வெயில் உண்டு. ஆனால் போனால் போனதுதான். அந்தப் பாதி எடை ஊரில் ஒரு வருஷம் இருந்துவிட்டால், அப்புறம் பூமியில் எலும்பு நிற்காது. கல்யாணமாகி ஒரு மண்டலத்துக்குள் தம்பதியாகச் சம்மதம் சொல்லவேண்டும் என்பது அவர்கள் விதி. நறுமுகைக்கும் கஸ்பாருக்கும் மண்டலம் இன்றோடு முடிகிறது.

ஒரே மகள். "போகாதடி" என்று சொல்லத் தமயந்திக்கு உரிமை இருந்தாலும் வாய் வரவில்லை. அதனால் வேறு ஒன்றைச் சொல்லியிருந்தாள். "வெயிலத் தேடி நீங்க ஏன் போகணும்? வெயிலு இங்கயே திரும்பி வரும். குடைய எப்ப வேணும்னாலும் மடக்கலாம். நான் தினமும் என் கண்ணால பாக்குறேன்ல." கஸ்பார் யோசித்துவிட்டு, "என் கண்ணால ஒருக்கா பாத்துட்டேம்னா இங்கனயே இருந்துருதேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வாக்கைத் தீர்த்துக்கொள்ளத்தான் இன்றைக்கு மலையேறியிருக்கிறார்கள்.

சாளரம் திறப்பதற்கு முன்னால் சாப்பாடு. உச்சிமேட்டில் தகரக்கொட்டகை போட்டு, மலைக்காரப் பெண்கள் அடுப்பு மூட்டியிருந்தார்கள். சாமைச் சோறு, காளான் குழம்பு, கருணைக்கிழங்கு வறுவல், கடைசியில் விளக்குக் கொட்டகையில் பழுத்த மலைவாழைப்பழம் ஆளுக்குப் பாதி. இலையின் ஓரத்தில், பாயசம் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு மஞ்சள் வெயில் மாத்திரை. அதை விழுங்காமல் யாரும் இலையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். எலும்பு வளைந்துபோகும் என்று சின்ன வயதிலிருந்தே எல்லோருக்கும் பயம் உண்டு.

வெளியே, பகல் முழுக்கப் பால்போல வெளுத்துக் கிடந்த வானம் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்தி என்றால் அவ்வளவுதான். வண்டியில் வந்த யாரும் இதைத் தவிர வேறு வானத்தைப் பார்த்ததில்லை. அவர்கள் எல்லோரும் குடைக்குப் பிறகு பிறந்தவர்கள். பெருவெக்கை ஊர் ஊராக ஜனங்களைக் கொன்ற காலத்தில், வானத்தின் உயரத்தில் வெண்தூளைத் தூவிக் குடை விரித்தார்கள். கடல் குளிர்ந்ததும் மடக்கிவிடுவோம் என்றார்கள். அதற்கப்புறம் சில வருஷங்களுக்கு ஒருமுறை, இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டுமா என்று ஜனங்களிடம் கேட்பார்கள். ஜனங்களும் இருக்கட்டும் என்று கை தூக்குவார்கள். ஒரு தடவை மட்டும் முணுமுணுப்பு பெரிதாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் குடை வாரியம் அங்கங்கே மலைகளில் சாளரங்களைத் திறந்து காட்ட ஆரம்பித்தது. கதிர்த்துடைப்பத்தால் தூளை ஒதுக்கி, ஒரு மலையளவு வானத்தைக் கொஞ்ச நேரம் காட்டுவது. நினைத்தபோது திறக்க முடிகிற குடை கொஞ்ச காலம் இருந்தால்தான் என்ன என்று ஜனங்களின் வாய் அடங்கியது. தமயந்தி சாளர வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்தது அப்போதுதான்.

விளக்குகள் அணைந்தன. எல்லோரும் பாயில் மல்லாந்து படுத்தார்கள். சாம்பல் வானத்தின் நடுவில் ஒரு கருப்புப் பொட்டு விழுந்து, வட்டமாக அகன்று, மலையின் நான்கு பக்கமும் பரவியது. அந்தக் கருப்புக்குள் ஒன்று, பத்து, ஆயிரம் என்று நட்சத்திரங்கள் வந்து நின்றன.

ஒரு புதுப்பெண் விசும்பி அழுதாள். ஈஸ்வரமூர்த்தியின் மனைவி மெதுவாகக் கணவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். கஸ்பார் எழுந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டான்.

"அத்த, நான் தோத்துட்டேன்" என்றான். "நெசமாவே தொறக்காங்க. இனி மேலூரும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம். இங்கனயே இருந்துருவோம்."

நறுமுகை ஓடிவந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தமயந்திக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பேரன் பேத்தி பிறக்கும், இந்த மலைக்கே தூக்கிக்கொண்டு வரலாம் என்று அந்த நொடியிலேயே கணக்குப் போட்டுவிட்டாள். அந்தச் சந்தோஷத்தோடேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர்கள் கல்யாணம் மாதா கோயிலில் நடந்தது. மகள் அருந்ததி பார்க்கவில்லையே என்று அவளுக்கு ஒரு சின்னக் குறை. போதாததற்கு, வைகாசிக் கூட்டத்துக்கு அருந்ததி காட்டுவதுதான் இந்தச் சுற்றுலாவின் முக்கியமான கட்டம்.

"எல்லாரும் வடக்க பாருங்க. ஏழு நட்சத்திரம், கரண்டி மாதிரி. அதான் சப்தரிஷி. கரண்டிக் காம்புல நுனியில இருந்து ரெண்டாவது வசிஷ்டர். அவர ஒட்டினாப்புல, சின்னதா, மங்கலா ஒன்னு. அதான் அருந்ததி. தெரியுதா?"

"தெரியுது" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

இது பரம்பரையாக வருகிற பதில். அம்மி மேல் வைத்த காலை எடுப்பதற்குள், பட்டப்பகலில், வெளுத்துக் கிடக்கும் குடையை ஐயர் விரலால் காட்டி, "அருந்ததி தெரியுதா?" என்று கேட்பார். மாப்பிள்ளையும் பெண்ணும் அண்ணாந்து பார்த்து, "தெரியுது" என்பார்கள். தமயந்தியும் அப்படித்தான் சொன்னாள். குடைக்கு முன்னால் சூரியன் கண்ணைப் பறித்த காலத்திலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். தெரியவில்லை என்று சொன்ன பெண் ஊர் உலகத்தில் உண்டா?

"எது அத்த?" என்றான் கஸ்பார். "எனக்குத் தெரியல்லியே."

இருட்டில் சட்டென்று ஒரு சங்கடம் பரவியது. யாரோ 'உச்' கொட்டினார்கள்.

"மாப்ளே, தெரியுதுன்னு சொல்லிப்போடுங்க. முடிஞ்சுது சோலி" என்றார் ஈஸ்வரமூர்த்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லண்ணே. ஏழும் எண்ணிட்டேன். காம்புல ரெண்டாவதும் தெரியுது. பக்கத்துல ஒன்னுமே இல்ல, வெறும் கருப்பாத்தான் கெடக்கு."

கேசரிக்காரன் புத்தியைக் காட்டிவிட்டான் என்று தமயந்திக்குக் கோபம் வந்தது. நல்ல நாளும் அதுவுமாக, அருந்ததி தெரியவில்லை என்று வாயால் சொல்லலாமா? அவன் பின்னால் மண்டியிட்டு, அவன் தலையோடு தலை சேர்த்து, விரலை நீட்டினாள். "இந்தா, என் விரல் நுனிக்கு நேரா..."

விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் அவள் பார்த்தது வந்தவர்களின் முகங்களைத்தான். முகத்தில் மலர்ச்சி வந்ததும் அடுத்த நட்சத்திரத்துக்குப் போய்விடுவாள். பயிற்சியில் கொடுத்த படத்தில் அருந்ததியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். அந்த வட்டத்தை வைத்தே இத்தனை வருஷம் ஓட்டியாகிவிட்டது. இன்றைக்குத்தான் விரல் நுனியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை.

வயசாச்சு, கண் மங்கிவிட்டது என்று முதலில் தோன்றியது. "ஒரு நிமிஷம்" என்று எழுந்து, தகரப்பெட்டியிலிருந்து ஈஸ்வரமூர்த்தியின் பைனாகுலரை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனாள். ஒரு கண் போனாலும் ஒன்று மிஞ்சட்டும் என்று இடக்கண்ணை இறுக மூடிக்கொண்டு வலக்கண்ணால் பார்த்தாள்.

கண் கூசவில்லை. எரியவில்லை. வசிஷ்டர் பெரிதாகத் தெரிந்தார், நாலு மூலையோடு, சர்க்கரைக் கட்டிபோலச் சதுரமாக. பக்கத்தில் கருப்புதான். நகர்த்திப் பார்த்தாள். அடுத்ததும் சதுரம். அதற்கடுத்ததும் சதுரம்.

அப்போதும் அவளுக்குப் புரியவில்லை. சாளரத்தில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தாள். காதுமணியை அழுத்தி, கீழே கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். புதுக் குரல் ஒன்று எடுத்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன்போல.

"சிறுமலையில இருந்து தமயந்தி பேசுறேன் தம்பி. வசிஷ்டர் பக்கத்துல அருந்ததி இல்லையே, என்னான்னு பாருங்க."

"லைன்ல இருங்க மேடம். காம்புல ரெண்டாவதுதானே? ஆமா, ரெண்டு நட்சத்திரத்தையும் சேத்து ஒரே புள்ளியா வரைஞ்சிருக்காங்க. அடடா, இத்தனை வருஷமா யாருமே சொல்லலையே! நாளைக்குச் சேத்துடறோம். ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

"எதுல சேப்பீங்க?"

"படத்துலதான்."

"எந்தப் படத்துல?" என்றாள் தமயந்தி. "மேடம்... உங்களுக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றது குரல். இணைப்பு அறுந்தது.

தமயந்தி அடுப்புச் சாம்பல் கொட்டுகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். படம். தலைக்கு மேலே விரிந்திருப்பது சாளரம் இல்லை, படம். குடையின் அடிப்பக்கம் வெறும் திரை. அப்படியென்றால் தூளை யாரும் ஒதுக்கவில்லை. ஒதுக்கத் தெரிந்தால் ஏன் படம் வரையப் போகிறார்கள்? மடக்கத் தெரியாத குடையை விரித்துவிட்டு, மடக்கிவிடுவோம் மடக்கிவிடுவோம் என்று ஒரு ஜன்னலை வரைந்து காட்டியிருக்கிறார்கள். அதைக் கைநீட்டிக் காட்டி, தெரியுதா தெரியுதா என்று வைகாசிதோறும் கேட்டவள் அவள்தான். இங்கே வெயில் வரப்போவதில்லை. மகளுக்கும் வராது, மகள் வயிற்றில் பிறப்பதற்கும் வராது.

காலடிச் சத்தம் கேட்டது. கஸ்பார்தான்.

"கோவமா அத்த? நான் அவகிட்ட தெரியுதுன்னு சொல்லிட்டேன். எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"தெரிஞ்சதா மாப்ள?"

அவன் தலையைச் சொறிந்தான். "இல்ல. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்... தெரியாதவன் நான் ஒருத்தன்தான போல. என் கண்ணுதான் சரியில்ல. விடுங்க, சந்தோசமா இருப்போம்."

பொய் சொல்ல வராதவன் சொன்ன முதல் பொய். அதையும் அவளுக்காகச் சொல்லியிருக்கிறான். இனி அவள் உண்மையைச் சொல்லாமல் இருந்தால் போதும். நாளைக்கு அருந்ததியைச் சேர்த்துவிடுவார்கள். நாளைக்கு மேலூரின் கதவு சாத்தியிருக்கும். மகள் தெருமுனையில் குடியிருப்பாள், ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு கொண்டுவருவாள். 'தெரியுது' என்று ஒரே ஒரு வார்த்தை, அதுவும் வாழ்நாளெல்லாம் பழகிய வார்த்தை. தமயந்தி அதைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். அப்படி நினைத்ததை இப்போது மறைத்து என்ன லாபம்? கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து, பைனாகுலரைக் கையில் பிடித்தபடியே எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கும் தெரியல" என்றாள். "இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்குமே தெரியல. அங்க அருந்ததி கிடையாது. இது வானமும் கிடையாது, படம். இப்பத்தான் கீழ பேசுனேன், அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. இந்தாங்க, வேணும்னா பாருங்க. கண்ணு ஒன்னும் போகாது."

நீட்டிய பைனாகுலரை வாங்க யாரும் முன்வரவில்லை. அதற்குச் சொந்தக்காரரான ஈஸ்வரமூர்த்திகூடக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கம்மா" என்றார் அவர் கடைசியில், கெஞ்சுகிற குரலில். "எனக்குந்தானுங்க தெரியல. என்ர முதக் கல்யாணத்துலயும் தெரியல, அறுபதாங் கல்யாணத்துலயும் தெரியல. அதுக்குன்னு ஆராச்சும் வாயுட்டுச் சொல்லுவாங்களா? நல்ல நாளுங்க. விட்டுப்போடுங்க."

ஒரு புதுமாப்பிள்ளை வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டான். இன்னொரு தம்பதி, "எங்களுக்கு நல்லாவே தெரியுது" என்று அழுத்திச் சொன்னார்கள். அவர்கள் காதில் வாங்காமல் இருந்தால் பரவாயில்லை, வாங்கிவிட்டு வேண்டாம் என்கிறார்களே என்று தமயந்திக்கு அடித்துப்போட்டதுபோல ஆகிவிட்டது.

பைனாகுலரைக் கஸ்பார்தான் வாங்கினான். வெகுநேரம் பார்த்தான். பிறகு நறுமுகையிடம் கொடுத்தான். அவள் பார்க்காமல் அம்மாவையே பார்த்தாள்.

"அம்மா, நீ தெரியுதுன்னு சொல்லு" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "சொல்லிரும்மா. நான் இங்கயே இருந்துர்றேன்."

"தெரியலடி" என்றாள் தமயந்தி. "இன்னும் நேரமிருக்கு. மேலூருக்குச் சம்மதம் சொல்லிரு. நேரா வெயில்ல போய் நில்லு. அங்க அருந்ததிய நல்லாப் பாரு. தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நம்ம வீட்டுல ஒருத்தியாச்சும் பாத்துட்டுச் சொல்லணும்."

அடுத்த வாரமே அவர்கள் போய்விட்டார்கள். அதற்குள் தமயந்தியின் வேலையும் போயிருந்தது. சாளரம் வெறும் படம் என்று தெருவெல்லாம் சொன்னாள். நாலைந்து பேர் சந்தேகப்பட்டு மலையேறிப் பார்த்துவிட்டு வந்தார்கள். வசிஷ்டர் பக்கத்தில் அருந்ததி பளிச்சென்று தெரிந்ததாம். "அதான் தெரியுதே, உனக்கென்ன வந்துச்சு?" என்று அவளையே கேட்டார்கள். மகளைப் பிரிந்த துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று இரக்கப்பட்டார்கள்.

கார்த்திகை மாதம் மேலூரிலிருந்து அழைப்பு வந்தது. இங்கிருந்து பேச்சு போய்த் திரும்பக் கொஞ்சம் தாமதமாகும். நறுமுகை படபடவென்று பேசினாள். வெயில் நன்றாக இருக்கிறதாம். குழந்தை உண்டாகியிருக்கிறதாம். இன்றைக்குத்தான் முதல்முறையாக நட்சத்திர மாடத்துக்குக் கூட்டிப்போனார்களாம்.

"அருந்ததி தெரியுதாடி?"

"தெரியுதும்மா! நல்லாத் தெரியுது. ஜன்னல் எவ்வளவு பெருசு தெரியுமா? பைனாகுலர மட்டும் வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. இங்க கதிரு கண்ணக் கெடுத்துருமாம்."

தமயந்தியின் கையிலிருந்த தம்ளர் சாய்ந்து, காப்பி புடவையில் கொட்டியது. சூடு உறைக்கவில்லை.

"மாப்ளகிட்டக் குடு" என்றாள். கஸ்பார் முகம் திரையில் வந்ததும் நேராகக் கேட்டாள். "மாப்ள, கேசரி எப்படின்னு கேட்டதுக்குச் சொன்னீங்கள்ல, அந்த மாதிரி சொல்லுங்க. அருந்ததி தெரியுதா?"

கேள்வி போய்ச் சேர்ந்தது அவன் கண்ணில் தெரிந்தது. அவன் ஒருமுறை பக்கவாட்டில் திரும்பி, வயிற்றைத் தடவியபடி நிற்கும் நறுமுகையைப் பார்த்தான். பிறகு தமயந்தியைப் பார்த்தான். வழக்கமான தாமதம் முடிந்தபிறகும் பேசாமலே இருந்தான்.

"தெரியுது அத்த" என்றான்.